விடுமுறை யாத்திரையும் உடல்நலமும்

பத்துப்பாட்டின் இறுதியில் நிற்பது மலைபடுகடாம். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்ப்படும் வேறொரு கூத்தனுக்கு வழி கூறுவதாக அமைந்த பாட்டு அது. கூத்தராற்றுப்படை என்பதும் அதற்கொரு பெயர். வகுப்பில் அதனைப் படிப்பிக்கும்போது மாணாக்கர் நன்னனது கொடையையும் மலையில் எழும் ஓசைகளையுமே குறித்துக்கொள்வர்; பரீட்சைக்கு வருவன அவையே என்பது அவர்கள் கணிப்பு. யானோ சில ஆண்டுகளாக வேறொரு பகுதியிற் சற்று அதிகமாகவே நின்றுவிடுகிறேன். அக்கூத்தன் தனியே செல்பவன் அல்லன். பெரிய சுற்றத்துக்குத் தலைவன். பெண்டிரும் பிள்ளைகளும் உடன்வர, இசைக்கருவிகளைச் சுமந்து நடப்பவன். ஆதலின் வழி கூறுவோன் வழியின் அழகை மட்டும் சொல்லி அமையவில்லை. அதன் ஏதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறான். பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியோரத்தில் உள, ஆகவே இருளிற் செல்லாது விடிந்தபின் கடந்து செல்க என்கிறான். பலர் நடவாத வழியிற் பள்ளங்களிலே பாம்பு ஒடுங்கிக் கிடக்கும், பார்த்து ஒதுங்கிச் செல்க என்கிறான். புனங்காப்போர் எறியுங் கவண்கல் விசையோடு வரும், மரத்தை மறைவாகக் கொள்க என்கிறான். கான்யாற்றின் இறக்கம் வழுக்கும், கொடியைப் பற்றி இறங்குக என்கிறான்.

குடும்பத்தோடு வழிச்செல்வோருக்கு வேண்டிய அறிவுரை, சங்கச் செய்யுளிலே இத்துணை நுட்பமாக இருக்கின்றது. அதைப் பதவுரை பொழிப்புரையோடு படிப்பித்த யான், என் குடும்பத்தை அழைத்துச் சென்றபோது அதிலொரு சொல்லையேனும் நினைத்தேனல்லேன். அவ்வரலாற்றை முதலிற் சொல்லிவிட்டே மேலே செல்லவேண்டும்.

2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறை. கதிர்காமத் திருவிழா முடிந்து சன நெரிசல் குறைந்த காலம். தாயார், மனைவி, மக்கள் இருவர், மைத்துனர் குடும்பம் என ஒன்பது பேர் ஒரு வானிற் புறப்பட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்படுவது என்பது என் திட்டம். அன்றிரவே கதிர்காமத்தை அடைந்து, மறுநாட் காலை மாணிக்க கங்கையில் நீராடவேண்டும் என்று மணிக்கணக்கு எழுதிய தாளொன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஆசிரியத் தொழிலில் இருபதாண்டு மணியடிக்கு நடந்த பழக்கம் அது.

தாயாருக்கு நீரிழிவு. காலையும் மாலையும் இன்சுலின் ஏற்றுபவர். வவுனியாவிற் முகங்கழுவ இறங்கியபோது, வழக்கம்போல ஆறரை மணிக்கு ஊசியை ஏற்றிக்கொண்டார். வீட்டிற் கட்டிய புட்டுப்பொதி வானின் பின்புறத்திற் பைகளுக்கு அடியிற் கிடந்தது. பைகளை எல்லாம் இறக்கி ஏற்றினால் அரைமணி நேரம் போய்விடும் என்று எண்ணி, “தம்புள்ளையிற் சாப்பிடலாம் அம்மா, கொஞ்சத் தூரந்தான்” என்றேன். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளின் அவசரத்துக்குத் தம் பசியை அடக்கிக்கொள்ளல் நம் தாய்மாருக்குப் பழகிப்போன ஒன்று. கொஞ்சத் தூரம் என்று யான் சொன்னது உண்மையில் நூறு கிலோமீற்றருக்கு மேல். வழியிலே தெருத் திருத்தவேலை வேறு.

கெக்கிராவையை அணுகும்போது மணி ஒன்பது. தாயார் என் மகனைப் பார்த்து, இறந்துபோன தம் தமையனின் பெயரைச் சொல்லி அழைத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். முகமெல்லாம் வியர்வை, வானின் சாளரம் திறந்திருந்தும் வியர்வை. “நித்திரைத் தூக்கம், விடுங்கள், படுக்கட்டும்” என்று சொன்னவன் யானே. சாரதிதான் கண்ணாடியிற் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாது வானை ஓரங்கட்டி, எதிரேயிருந்த தேநீர்க்கடைக்கு ஓடினார். குவளையில் நாலைந்து கரண்டி சீனியைக் கரைத்துக் கொண்டுவந்து, மெல்ல மெல்லப் பருக்கினார். அவருடைய தந்தையாருக்கும் நீரிழிவாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தாயார் கண் தெளிந்து, “ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கிறியள்?” என்று கேட்டார். அன்றைக்கு அவரைப் படுக்கவிட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்பதை அநுராதபுரத்தில் வைத்தியர் ஒருவர் பின்பு எனக்கு விளக்கியபோது, சட்டைப்பையிலிருந்த மணிக்கணக்குத் தாளை எடுத்து எங்கே எறிந்தேன் என்பது இப்போது நினைவில்லை.

இன்சுலின் ஏற்றிக்கொண்டவர், அல்லது சீனியைக் குறைக்கும் சில வகை மாத்திரைகளை விழுங்கியவர், உரிய நேரத்தில் உண்ணாவிடின் குருதியிலுள்ள சீனி அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். மூளைக்கு வேண்டிய எரிபொருள் அந்தச் சீனியே. அது குறைந்ததும் வியர்வை, கைந்நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, பசி, பொருந்தாப் பேச்சு, காரணமில்லாக் கோபம், பின் மயக்கம், வலிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அறிவுள்ளபோதே மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்து, கால்மணி நேரம் பார்த்து, தெளியாவிடின் மீண்டும் கொடுத்து, தெளிந்தபின் சோறோ பாணோ உண்ணச் செய்யவேண்டும். அறிவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலிற் புகுந்துவிடும். அவரை ஒருக்களித்துக் கிடத்தி வைத்தியசாலைக்கு விரையவேண்டும். பயணத்தில் நேரம் எவ்வளவு பிந்தினும், ஊசி உணவோடு சேர்ந்தே செல்லவேண்டும். உணவு கைக்கெட்டும் வரை ஊசியைத் தொடவேண்டாம். இன்சுலின் வெய்யிலிற் கெடும், உறைந்தாலுங் கெடும். வண்டியின் முன்தட்டில் வைப்பதும், பனிக்கட்டியோடு ஒட்ட வைப்பதும் இரண்டும் தவறு. ஈரத்துணி சுற்றிய சிறு மண்முட்டியிற் வைப்பது நம்மூர்க்கு நல்ல உபாயம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் உள்ளே குளிர்மை நிற்கும்; இது விஞ்ஞானப் பாடத்தில் எல்லோரும் படித்ததே.

இனிக் கட்டுச்சோற்றைப் பற்றி. நம் முன்னோர் யாத்திரைக்குக் கட்டியவை எவை என்று எண்ணிப் பாருங்கள். புளிச்சோறு, எள்ளுருண்டை, பயற்றம்பணியாரம், பொரிவிளாங்காய். சுவைக்காக மட்டும் இவற்றைத் தேர்ந்தார்கள் என்று யான் முன்பு எண்ணியிருந்தேன். புளியின் அமிலத்திலே கிருமிகள் எளிதிற் பெருகா. வறுத்து இடித்துப் பாகிற் பிடித்த உருண்டையிற் கிருமி வளர்தற்கு வேண்டிய ஈரமில்லை. மிகுந்த சீனியும் அவ்வாறே நீரைத் தன்பாற் பிடித்துக்கொள்ளும். இப்போது நாம் கட்டுவதோ தேங்காய்ப்பாற் கறியும், பச்சைத் தேங்காய்ச் சம்பலும், முட்டையும், சுடச்சுட மூடிய சோறும். மூடிய சோறு வெகுநேரம் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்பே கிருமிக்குத் தொட்டில். சோற்றில் வாழும் ஒருவகைப் பற்றீரியாவின் வித்துக்கள் உலையிற் கொதித்தாலும் இறப்பதில்லை. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. அந்நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே, “சூடாக்கிச் சாப்பிட்டால் ஒன்றுஞ் செய்யாது” என்னும் வழக்கு இங்கே பொய்யாகிறது. சமைத்த சோற்றையும் கறியையும் இரண்டு மணி நேரத்துள் உண்டுவிடுதல் நன்று. அதற்கு மேல் வேண்டுமாயின் முன்னோர் உணவுக்கே திரும்புக. வாழைப்பழம், தோடம்பழம் போலத் தோலுரித்து உண்பவை தெருவோரத்திற் கிடைப்பவற்றுட் சிறந்தவை. முன்னரே வெட்டி வைத்து ஈ மொய்த்த அன்னாசியைப் பிள்ளைகள் கேட்பார்கள். வாங்கிக் கொடாதிருக்க மனத்திண்மை வேண்டும். என்னிடம் அது எப்போதும் இருந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறேன்.

நீரும் அவ்வாறே. கொதித்து ஒரு நிமிடம் பொங்கிய நீர் போதும். அரைமணி நேரம் அடுப்பில் வைக்கத் தேவையில்லை. கொதிக்கவைத்த நீரை அழுக்குப் போத்தலில் ஊற்றினாற் பயனில்லை. குடிநீர் நன்றாயிருந்தும் அதிலிட்ட பனிக்கட்டி எந்நீரால் ஆனது என்று எவரும் கேட்பதில்லை. நெருப்புக்காய்ச்சலும் செங்கண்மாரியும் வயிற்றோட்டமும் பெரும்பாலும் இவ்வழியாகவும் கழுவாத கைகள் வழியாகவுமே வருகின்றன. கோயில் வீதியிற் குழாய் இல்லாவிடினும், ஒரு துண்டுச் சவர்க்காரமும் ஒரு போத்தல் நீரும் பையில் இருக்கலாம்.

வயிற்றோட்டம் வந்துவிட்டால் என் செய்வது? நம் இல்லங்களில் இன்றும், “வயிற்றைக் காயப்போடு, ஒன்றும் குடியாதே, குடித்தால் இன்னும் போகும்” என்று சொல்லும் பெரியோர் உளர். அன்பினாற் சொல்வதே, ஆயினும் குழந்தைகளைக் கொல்லுஞ் சொல் அது. வயிற்றோட்டத்தில் உயிரைப் போக்குவது பெரும்பாலும் கிருமியன்று. உடலிலிருந்து நீரும் உப்பும் இறங்கிப்போவதே. 1971ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துட் புகுந்தனர். பொங்காவ் என்னும் எல்லையூரின் முகாமில் வாந்திபேதி பரவிற்று. நாளத்தில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துவிட்டது. நோயாளர் தரையிற் கிடந்தனர். அங்கிருந்த வைத்தியர் திலீப் மகாலனபிஸ் உப்பையும் குளுக்கோசையும் அளந்து நீரிற் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளரின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்துப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நாலுக்கும் குறைந்தது. குடலின் சுவர் உப்பைத் தனியே எளிதில் ஏற்காது. சீனியோடு சேர்ந்து வரும்போது இரண்டையும் ஏற்கும், அவற்றின் பின்னே நீரும் வரும். உயிர்காத்த நுட்பம் இவ்வளவே. மகாலனபிஸ் 2022ஆம் ஆண்டு காலமானார். பல்லாயிரம் உயிரைக் காத்த அவர் பெயரை நம் பாடப்புத்தகத்திற் காணோம் என்பது எனக்குக் குறையாகவே தோன்றுகிறது.

அந்தக் கரைசல் இன்று நம் நாட்டில் ஜீவனி என்னும் பொட்டலமாகக் கிடைக்கின்றது. பொட்டலம் முழுவதையும் அதில் எழுதியுள்ள அளவு நீரிற் கரைக்கவேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு குவளையிற் கரைத்தல், சுவைக்காக மேலும் சீனியிடல் ஆகியன தீங்கு தரும். ஒருநாள் கழிந்த கரைசலை ஊற்றிவிடுக. பொட்டலம் கிடையாதபோது, ஒரு லீற்றர் தூயநீரில் ஆறு மட்டத் தேக்கரண்டிச் சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் இட்டுக் கரைக்கலாம். உப்பு மிகலாகாது, கண்ணீரைவிட உப்புக்கரித்தால் அதனை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்கவேண்டும். வாந்தி எடுத்தாற் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகத் தொடர்ந்து கொடுக்க. தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம், கஞ்சியையும் நிறுத்தவேண்டாம். பிள்ளை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாவிடினும், அழும்போது கண்ணீர் வராவிடினும், கண் குழிவிழுந்து சோர்ந்து கிடப்பினும், மலத்தில் இரத்தங் காணினும், கைவைத்தியத்தை விட்டு வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

வண்டியைப் பற்றி மலைபடுகடாம் சொல்லவில்லை. ஆயினும் விடிந்தபின் செல்க என்னும் அதன் சொல் இங்கேதான் மிகப் பொருந்துகிறது. பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை மனித உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும் வேளை. பகலில் உழைத்துவிட்டு இரவில் நம்மை ஏற்றிச்செல்லும் சாரதி, கண்ணைத் திறந்தபடியே சில நொடி உறங்குவார். அச்சில நொடியில் வண்டி நூறு மீற்றர் சென்றுவிடும். யான் மூன்று மணிக்குப் புறப்படத் திட்டமிட்டது, விடுதிச் செலவில் ஓரிரவு மிச்சமாகும் என்பதற்காக. 2025 மே 11ஆம் நாள் விடியற்புறத்திற் கதிர்காமத்திலிருந்து குருநாகலை நோக்கிச் சென்ற பஸ் ஒன்று, கொத்மலைப் பக்கத்துக் கெரண்டி எல்லவிற் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் நாள் இரவு, எல்லவிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் தெருவிற் சுற்றுலா சென்ற பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினைவர் மாண்டனர். இரண்டும் இருளில் நிகழ்ந்தவை, இரண்டும் மலைத்தெருவில் நிகழ்ந்தவை.

நாம் சமநிலத்திற் பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்திற் பாலத்தின் ஏற்றத்தைத் தவிர ஏற்றம் அறியோம். மலையிறக்கத்திற் பிறேக்கை இடைவிடாது மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடியிழக்கும். எந்தக் கியரில் ஏறத்தக்க மலையோ, அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய விதி. வாடகைக்கு வான் பிடிப்போர், சாரதி மலைத்தெருவிற் பழகியவரா, முதல்நாளிரவு உறங்கினாரா, நம்மோடு அவரும் உண்டாரா என்று கேட்கக் கூச்சப்படலாகாது. இரண்டு மணி நேரத்துக்கொருமுறை நிறுத்துக. அவருக்குக் கண் சொருகினாற் பாட்டுப் போடுவதும் பேச்சுக் கொடுப்பதும் மருந்தல்ல. கால்மணி நேர உறக்கமே மருந்து. முன்னாசனத்திற் குழந்தையை மடியில் வைத்திருத்தலை இன்றும் காண்கிறோம். வண்டி மோதி நிற்கும் நொடியில் எத்தாயின் அணைப்பும் அப்பிள்ளையைத் தாங்காது. பின்னாசனமும் பட்டியுமே தாங்கும்.

கடலிலும் குளத்திலும் நீராடல். ஓகஸ்ட் மாதத்திற் தென்மேற்குப் பருவக்காற்று வீசுவதாற் காலி, இக்கடுவை, கல்கிசைப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும்; அதேவேளை நிலாவெளி, பாசிக்குடா முதலிய கீழ்கரைக் கடல் அமைதியாயிருக்கும். மார்கழியில் இது தலைகீழாகும். இதனை அறியாது, சென்ற முறை அமைதியாயிருந்த கடல்தானே என்று இறங்குவோர் பலர். கரையை மோதிய அலைநீர் ஓரிடத்திற் சேர்ந்து ஆறுபோலக் கடலுக்குள் மீளும். அலை உடையாது அமைதியாகத் தோன்றும் அவ்விடமே இழுப்புள்ள இடம். அதிலே அகப்பட்டவர் கரையை நோக்கி நீந்தினாற் களைத்து அமிழ்வர்; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைக் கடந்தபின் கரைக்குத் திரும்பலாம். நீந்த இயலாதவர் மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்டுக.

குளங்கள் வேறுவகை. வன்னிக் குளத்திலும் அநுராதபுரத்துக் குளத்திலும் கரையிலிருந்து நாலடி வரை முழங்காலளவு நீர்; ஐந்தாம் அடியிற் பள்ளம், சேறு, தாமரைக்கொடி. முதலையும் இருக்கலாம். ஊராரைக் கேளாது இறங்கலாகாது. நீரில் மூழ்கும் பிள்ளை கூவி அழைக்கும் என்பது நாடகத்தில் மட்டுமே. உண்மையில் மூச்சுக்கே இடமில்லாதபோது குரலுக்கு இடமேது? ஓசையின்றியே மூழ்கும். ஆதலாற் பிள்ளைகள் நீரில் நிற்கும்போது, பெரியவர் ஒருவர், கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டு, பேச்சில் இறங்காது, பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். “எல்லாரும் பார்க்கிறோம்” என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றே பொருள். ஒருவர் மூழ்கினாற் பின்னாலே குதியாது சேலையையோ கயிற்றையோ வெற்றுப் பிளாத்திக்கு கலனையோ எறிக. வெளியே எடுத்தபின் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம்மூர்ப் பழக்கம். அது நேரத்தைக் கொல்வதோடு வாந்தியை மூச்சுக்குழலிற் புகுத்தும். மூச்சில்லையாயின் வாயோடு வாய் வைத்து மூச்சூதி, மார்பெலும்பின் நடுவில் விரைவாக அழுத்தவேண்டும். இதனை எழுத்தாற் கற்றல் அரிது. நம் கல்லூரியின் சாரணர் படையிலும் முதலுதவிப் படையிலும் பயின்ற பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பார்கள். அவர்கள் ஆண்டுக்கொருமுறை வந்து மாணவர்க்குச் செய்துகாட்டுவார்களாயின் அதுவும் ஒரு நன்கொடையே.

நயினாதீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து வள்ளமேறுவோர் உயிர்காப்பு அங்கியை அணிவதும், நெரிசலான வள்ளத்தை விட்டு அடுத்ததற்குக் காத்திருப்பதும் மேல். அம்பாள் அரைமணி நேரம் பொறுப்பாள்.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர். யாழ்ப்பாணத்து வெய்யிலிற் காய்ந்த குழந்தைகளும் முதியோரும் அங்கே இரவிற் குளிரால் நடுங்குவர். கம்பளிச்சட்டை கொண்டுசெல்க என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. குளிருக்காகக் கரியடுப்பை மூடிய அறையுள் வைத்து உறங்கலாகாது. எரியும் கரியிலிருந்து வெளிப்படும் காபன் மொனொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. உறக்கத்திலேயே உயிரைக் கவர்ந்துவிடும். மாறாக, சமவெளியின் வெய்யிலிலே இடர் வேறு. சித்திரையின் முற்பகுதியிலும் ஆவணியின் பிற்பகுதியிலும் ஞாயிறு நம் உச்சிக்கு நேரே வருகிறது. அநுராதபுரத்திற் கருங்கற்றரையில் வெறுங்காலோடு நடுப்பகலில் நடப்போர் நீர் அருந்திக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒருவர் உடல் நெருப்பாய்க் கொதித்து அறிவு தடுமாறினால், அவரை நிழலிற் கிடத்தி உடலெங்கும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே வைத்தியசாலைக்கு அழைக்க.

விலங்குகளைப் பற்றிச் சிறிது. கோயிற் குரங்குக்குக் கச்சான் கொடுப்பதும், புத்தல-கதிர்காமத் தெருவில் வண்டியை மறித்து நிற்கும் யானைக்குப் பழம் நீட்டுவதும் புண்ணியம் என்று எண்ணுகிறார்கள். அவ்வாறு ஊட்டி ஊட்டியே அவ்யானைகள் வழிமறிக்கக் கற்றன. சீகிரியாவிற் குளவிக் கூடுகள் உள, அங்கே கூச்சலிடவேண்டாம். நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் சென்று தடுப்பூசி ஏற்றவேண்டும். 1885ஆம் ஆண்டு யூலை மாதத்தில் லூயி பாஸ்டர், நாய்கடித்த யோசேப்பு மைசுத்தர் என்னுஞ் சிறுவனுக்கு முதன்முதலில் அத்தடுப்பூசியை ஏற்றி உயிர்காத்தார். ஊசி இருக்கும்போது மஞ்சளும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு திரும்பி வரும்வரை பொறுப்பது பேதைமை. நோயின் குறி தோன்றியபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. மடத்திலும் கொட்டகையிலும் தரையிற் படுப்போரை இரவில் வந்து கடிப்பது எட்டடி விரியன். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரிதும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து இமையைத் திறக்க முடியாதவரைப் பாம்பு கடித்திருக்கலாம் என்று ஐயுறவேண்டும். கட்டிலோ, பாயின் கீழ் நன்கு செருகிய நுளம்புவலையோ காக்கும்.

நுளம்புவலை பகலுக்கும் வேண்டும். மலேரியா நம் நாட்டிலிருந்து ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு சான்றளித்தது, பெருமைக்குரிய செய்தி. மறு ஆண்டே டெங்கு ஓரிலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றியது. டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பது. காலையிலும் மாலையிலும் கடுமையாகக் கடிப்பது. உறவினர் வீட்டில் மதியம் உறங்கும் குழந்தைக்கே அது அதிகம் தேவை. காய்ச்சல் வந்தாற் பரசிற்றமோல் மட்டும் வயதுக்கேற்ற அளவிற் கொடுக்கலாம். அஸ்பிரினும் ஐபுபுரோபனும் இரத்தப்பெருக்கைக் கூட்டும், தொடவேண்டாம். காய்ச்சல் இறங்கியதும் பிள்ளை தேறிவிட்டது என்று எண்ணுவது இந்நோயிற் பெருந்தவறு. காய்ச்சல் இறங்கும் அந்த நாளிலேதான் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, கைகால் குளிர்தல், சோர்வு என்பன அப்போது தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

எங்கே நின்றாலும் 1990 என்னும் இலக்கத்தைத் தொலைபேசியில் அழைத்தாற் கட்டணமின்றி அம்புலன்சு வண்டி வரும். 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கிய அச்சேவை 2018இல் நம் வடமாகாணத்துக்கும் வந்தது. எண்ணை மனப்பாடமாக வைத்திருத்தல் போதாது. எவ்வூரில், எந்த மைற்கல்லருகே நிற்கின்றோம் என்று சொல்லத் தெரியவேண்டும். ஆகவே யான் இப்போது வானிற் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: கடந்துசெல்லும் ஊர்ப்பலகைகளை அவர்கள் உரக்கப் படிக்கவேண்டும். தமிழ் எழுத்துப்பிழை கண்டால் எனக்குச் சொல்லவேண்டும் என்பது உபவிதி. அதிலே அவர்களுக்கு வேலை குறையாது.

தாயாருக்கு இப்போது எழுபத்தைந்து வயது. நாங்கள் ஆறு மணிக்குப் பின்பே புறப்படுகிறோம். முதல்நாள் தம்புள்ளையோடு பயணம் நின்றுவிடும். அவருடைய உணவுப்பொதி அவர் மடியிலேயே இருக்கும். கைப்பையில் ஒரு சிறு போத்தல் சீனி, ஜீவனிப் பொட்டலம் நான்கு, பரசிற்றமோல், சவர்க்காரம், சுத்தமான துணிக்கட்டு, அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள் ஆகியன உண்டு. அத்தாளை ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். இரவுவேளையில் ஊரறியா வைத்தியசாலையில் அது பயன்படும். திரும்பி வந்தபின் இரண்டு மூன்று கிழமைக்குள் வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், எங்கே போனோம், எந்நீரில் இறங்கினோம், எங்கே உண்டோம் என்பதை வைத்தியர் கேட்குமுன் நாமே சொல்லிவிடவேண்டும். சேற்றுநீரிற் கால்வைத்தவர்க்கு வரும் எலிக்காய்ச்சலும், நெருப்புக்காய்ச்சலும், டெங்கும் முதல்நாளில் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றுள் எதனை முதலில் ஐயுறுவது என்பதற்கு வைத்தியர்க்கு உதவுவது நாம் சொல்லும் அந்த வழிக்கதையே.